லைக்கை வைத்துப் படம் பொறுக்காதீர்கள்

வருடக் கடைசியில் பிடித்த ஒரே ஒரு நிலக்காட்சிப் படத்தைத் தேர்ந்தெடுக்க, அதிகம் லைக் வாங்கியதிலிருந்து ஆரம்பியுங்கள் என்று ஒரு புகைப்படக் கட்டுரையில் சொல்லியிருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. லைக் வாங்குவது பெரும்பாலும் சிவந்த வானம்தான், அது போன வருடமும் சிவந்துதான் இருந்தது. என் பிரச்சினை வேறு: விடியுமுன் எழுந்து, டிரைபாடைத் தூக்கிக்கொண்டு மலையேறி எடுத்த படத்தை ஒதுக்க மனசு வராது. பார்க்கிறவருக்கு அந்த வியர்வை தெரியாதே! அதனால் இப்போதெல்லாம் எடுத்ததை ஒரு மாதமாவது திறக்காமல் போட்டுவிட்டு, அப்புறம் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கிறேன். நிறத்தை எடுத்ததும் பாதிப் படங்கள் அங்கேயே படுத்துவிடுகின்றன.

இந்த வருடம் அப்படித் தேறியது பனிமூட்டத்தில் ஒற்றை மரம். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 3200க்கு ஏற்றியதில் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கிறது, ஓரத்தில் கொஞ்சம் ஆட்டம். சரி, இருக்கட்டும். அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் நிலவு எழும் படத்தை எடுத்தபோது ஒளிமானி கைக்கு அகப்படவில்லை, நிலவின் பிரகாசத்தை நினைவிலிருந்து கணக்குப் போட்டு ஒரே ஒரு நெகட்டிவ்தான் எடுத்தார், அடுத்ததற்குள் கல்லறைச் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது. அதையே பல வருடங்கள் திரும்பத் திரும்ப அச்சிட்டு வானத்தை இருட்டாக்கிக்கொண்டே போனார். ஆகவே டிசம்பர் 31க்குள் முடிவு பண்ணியே தீரவேண்டும் என்பதும் இல்லை. 2 வருடம் முன்பு நான் ஒதுக்கிய ஒன்றைப் போன வாரம்தான் திரும்ப எடுத்து வைத்தேன்.