கிளினிக் நாளில் அரைப்பேர்

அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சாமுவேல் காட்ஸ் என்றால் எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களில், பொகவந்தலாவைப் பக்கம் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை. ஆனால் ஒன்பது மாதத்தில் நம் பிள்ளைக்குப் போடுகிற சின்னமுத்து (தட்டம்மை) ஊசி அந்த மனிதரின் உழைப்பிலிருந்து வந்ததுதான். 2022 இல், 95 வயதில் காலமானார்.

1954 இல் பொஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையனின் இரத்தத்திலிருந்து சின்னமுத்து வைரஸைப் பிரித்தெடுத்தது விஞ்ஞானி ஜோன் எண்டர்ஸின் ஆய்வுகூடம். அதைக் கோழி முட்டைக்குள் வளரும் குஞ்சுக் கருவில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியத்தைக் குறைத்ததில், பின்னால் அங்கே வேலைக்குச் சேர்ந்த காட்ஸுக்குப் பெரிய பங்கு. 1963 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 26 இலட்சம் உயிர் சின்னமுத்தில் போனது. நாம் வேப்பிலை செருகி மாரியம்மனை வேண்டிக்கொண்ட காலம்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தல். 1958 இல் அந்த மருந்தைப் போட்டுப் பார்த்தது, மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளை வைத்திருந்த ஓர் அரசு விடுதியில். பெற்றோரிடம் சம்மதம் வாங்கினார்கள், சரி. அங்கே சின்னமுத்து வந்து பிள்ளைகள் செத்தார்கள், அதுவும் சரி. ஆனாலும் வசதியான வீட்டுப் பிள்ளையில் ஏன் தொடங்கவில்லை? ஒரு காலத்தில் துண்டுக் கணக்கில், அதாவது கடன் எழுதிய சீட்டின் கணக்கில், ஆள் எண்ணப்பட்ட தோட்டத்து மக்களான நமக்கு இந்தக் கேள்வி தானாக வரும்.

எனக்கு காட்ஸ்மேல் மரியாதை வந்தது நைஜீரியாக் கதையில். அங்கே இலேஷாவில் வேலை செய்த ஆங்கிலேயக் குழந்தை வைத்தியர் டேவிட் மோர்லி அழைக்க, 1960 இல் காட்ஸ் தடுப்பூசியோடு போய் நின்றார். அமெரிக்கப் பிள்ளைகள் பெரும்பாலும் தப்பிவிடும் நோய், சாப்பாடு போதாத பிள்ளைகளை அங்கே வாரிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தார். அதே மோர்லிதான் பிள்ளையின் எடையைக் கோடாகப் போடும் அட்டையையும் அங்கே உருவாக்கினார். நம்ம மிட்வைஃப் மிஸ் தராசைப் பார்த்து, கிளினிக் கார்டில் புள்ளி வைத்து இழுக்கிறாரே, பச்சையை விட்டுக் கீழே இறங்கினால் திரிபோஷா சத்துமா எழுதுகிறாரே, அந்தக் கோடு அந்த வழி வந்தது.

இலங்கைக்கு ஊசி 1984 இல் வந்தது. 2019 இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2023 இல் மறுபடி தலைகாட்டியது. ஊசி தவறிய பிள்ளைகளைத் தேடித்தான் அது வரும்.

தவறுவது ஏன் என்று பேசும்போது எல்லோரும் யூடியூப் வதந்தியைப் பழி சொல்கிறார்கள். இருக்கலாம். எங்கள் பக்கத்தில் நான் பார்க்கிற காரணம் வேறு. காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேல்கணக்கிலிருந்து (தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து) இறங்கி, வரிசையில் நின்று, பத்தரைக்குக் கொழுந்து எடுக்க மலைக்குப் போனால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். கங்காணி நல்லவராக இருந்தால் முழுப்பேர். மாசக் கடைசியில் கடைக் கணக்கு பார்க்கிற தாய் எதை யோசிப்பாள்? 'அடுத்த மாசம் போட்டுக்கலாம்' என்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கிளினிக் கார்டைக் காட்டினால் அன்றைக்கு முழுப்பேர் என்று எழுத்தில் இருக்கட்டும். எந்தத் தோட்டமும் இதனால் நட்டத்தில் விழாது. சங்கத்துத் தலைவர்மாரே, அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இதையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டு போங்கள்.