இடையிசையில் கை வைக்காதீங்கப்பா!

‘இளைய நிலா பொழிகிறதே’ பாட்டின் தொடக்கத்தில் வரும் கிதாரை, குறுக்கே ஒரு மனிதக் குரல் இல்லாமல், எஃப்.எம்.மில் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? எனக்கு ஞாபகமே இல்லை. அந்தக் கிதார் ஆரம்பித்ததும் ஆர்.ஜே.வுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பேச்சு வருமோ. “மழை வர்ற மாதிரியே இருக்குல்ல மக்களே, சூடா ஒரு பஜ்ஜி இருந்தா எப்படி இருக்கும், உங்களுக்கு என்ன தோணுதுன்னு கால் பண்ணிச் சொல்லுங்க...” என்று இழுத்து, எஸ்.பி.பி. வாயைத் திறக்கும் நொடிக்கு ஒரு நூலிழை முன்னால் முடிப்பார். அதில் மட்டும் மகா கெட்டிக்காரத்தனம்! 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்ததிலிருந்து இன்றுவரை கிதாரைக் கையில் எடுக்கிற பையன்கள் வாசித்துக் காட்ட ஆசைப்படுவது அந்த முன்னிசையைத்தான். இவர்களுக்கு அது பஜ்ஜியைப் பற்றிப் பேசக் கிடைத்த இடம்.

பாட்டு என்றால் யாராவது பாடுகிற பகுதி மட்டும்தான், மிச்சமெல்லாம் புறம்போக்கு நிலம், யார் வேண்டுமானாலும் கொட்டகை போட்டுக்கொள்ளலாம் என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள். முன்னிசையில் பேச்சு. இடையிசையில் கத்திரி. பாட்டு முடியும்போது வருகிற அந்தக் கடைசி இசை? அதைப் பாட்டாகவே யாரும் மதிப்பதில்லை.

டிவிக்கு வருவோம். ‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ கிட்டத்தட்ட ஏழு நிமிடப் பாட்டு. பி.பி.சி. 2002இல் நடத்திய வாக்கெடுப்பில் உலகப் பாடல்களுக்கு நடுவே நான்காம் இடம் பிடித்தது. இதை ‘தமிழன்டா’ என்று மீம் போட மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. அத்தனை குத்தாட்டத்துக்கும் நடுவில் திடீரென்று எல்லாம் அடங்கி, ‘குனித்த புருவமும் கொவ்வைச் செவ்வாயில்’ என்று அப்பரின் தேவாரம் எழுகிறதே, ஸ்வர்ணலதா குரலில், அங்கேதான் அந்தப் பாட்டுக்கே உயிர் இருக்கிறது. கொட்டுச் சத்தத்திலிருந்து தில்லைக் கூத்தனிடம் போய்விட்டு மறுபடியும் கொட்டுக்குத் திரும்புவது லேசுப்பட்ட காரியமா? ஒரு பாட்டுச் சேனலில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரு சரணம் முடிந்தது, தேவாரம் வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், சோப்பு விளம்பரம்! விளம்பரம் முடிந்து திரும்பினால் வேறு பாட்டு. அப்பர் சுவாமிகளுக்கே ஸ்லாட் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

‘டூயட்’ கதை இதைவிட மோசம். 1994இல் வந்த படம். கதாநாயகனே சாக்ஸபோன் கலைஞன். அதற்காக கர்நாடக இசையை சாக்ஸபோனில் வாசித்துப் பெயர் வாங்கிய கத்ரி கோபால்நாத்தையே அழைத்து வந்து வாசிக்க வைத்தார்கள். படத்தின் பாதி வசனத்தை அந்த சாக்ஸபோன்தான் பேசுகிறது. அப்பேர்ப்பட்ட படத்தின் ‘அஞ்சலி அஞ்சலி’ பாட்டை, முன்னால் வருகிற சாக்ஸபோனை மொத்தமாக உருவி எறிந்துவிட்டு, நேராக “அஞ்சலி அஞ்சலி” என்று ஆரம்பித்துப் போடுகிறார்கள். சாக்ஸபோன் வேண்டாமென்றால் அந்தப் படத்துப் பாட்டை எதற்கய்யா எடுக்கிறீர்கள்? ஊரில் வேறு பாட்டே இல்லையா?

சரி, இவர்களுக்காவது விளம்பரத்தில் காசு வருகிறது. என் ரத்தம் உண்மையாகவே கொதிப்பது இந்தப் பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போதுதான். மேடையில் முழு இசைக்குழு உட்கார்ந்திருக்கிறது. வயலின், தபேலா, கீபோர்டு, புல்லாங்குழல், எல்லாரும் கைதேர்ந்தவர்கள். ஒரு சின்னப் பெண் எண்பதுகளின் பாட்டு ஒன்றைப் பிரமாதமாக எடுக்கிறாள். பல்லவி முடிகிறது. புல்லாங்குழல்காரர் குழலை உதட்டுக்குக் கொண்டுபோகிறார். அடுத்த நொடி திரையில் நடுவரின் முகம். திரும்பி வந்தால் சரணம் ஓடிக்கொண்டிருக்கிறது. குழல்காரர் வாசித்தாரா, சும்மா கையில் வைத்துக்கொண்டு இருந்தாரா, யாருக்குத் தெரியும்? நேரம் இல்லையாம். ஆனால் அதே நடுவர் கண்ணைத் துடைப்பதைக் காட்ட நேரம் இருக்கிறது. அந்த ஒரே கண்ணீரை மூன்று கோணத்தில், கறுப்பு வெள்ளையில் ஒரு தடவை, ஸ்லோ மோஷனில் ஒரு தடவை. அப்புறம் பாட்டிக்கு ஃபோன் போட்டு, பாட்டியும் அழுது, தொகுப்பாளரும் அழுது... இதற்கெல்லாம் சேர்த்துப் பின்னணியில் சோக வயலின் வேறு போடுகிறார்கள். இசை வேண்டாமென்று வெட்டிய அதே ஆட்கள்!

பாடினால்தான் இங்கே பெயர். இளையராஜாவின் குழுவில் வருடக்கணக்காகப் புல்லாங்குழல் வாசித்த நெப்போலியனையே எடுத்துக்கொள்ளுங்கள். அருண்மொழி என்ற பெயரில் அவர் பாடிய பாட்டுகளைச் சொன்னால் “ஓ, அவரா!” என்பார்கள். அந்தக் குழலும் அவர்தான் என்றால் முழிப்பார்கள். அன்றைய ஒலிப்பதிவில் மொத்தக் குழுவும் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒருவர் பிசகினாலும் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. அப்படி வியர்வை சிந்தி எடுத்ததைத்தான் இவர்கள் எடிட்டிங் மேஜையில் ஒரே தட்டில் காலி செய்கிறார்கள்.

வீட்டு ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. என் மச்சான் காரில் போய்ப் பாருங்கள். பல்லவி முடிந்து வயலின்கள் எழும்பும் நேரத்தில் ஸ்டியரிங்கில் இருக்கும் கை நைசாக ஸ்கிரீனுக்குப் போகும். “வெறும் மியூசிக்தானே மாப்ள, ஓட்டி விடுறேன்.” வெறும் மியூசிக்! சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு இலையை மெச்சுகிற ஜாதி. அடுத்த சரணத்துக்குத் தாவி அதையும் பாதியில் விட்டுவிட்டு அடுத்த பாட்டு. மதுரை போய்ச் சேருவதற்குள் ஐம்பது பாட்டு கேட்டதாக அவருக்குப் பெருமை. ஒன்றைக்கூட முழுதாகக் கேட்கவில்லை. பின்சீட்டில் அக்கா இருந்ததால் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

“இந்தக் காலத்தில் யாருக்குங்க பொறுமை இருக்கு?” என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். நானும் ஒன்று கேட்கிறேன். அந்தக் காலத்து 78 ஆர்.பி.எம். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம்கூட உருப்படியாகக் கொள்ளாது. பாட்டு நீளமாக இருந்தால் இரண்டு பக்கமாகப் பிரித்துப் போட்டார்கள். கேட்கிறவர்கள் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டு மீதியைக் கேட்டார்கள். அங்கே இடம் போதாது, அது கட்டாயம். இன்றைக்கு உள்ளங்கை ஃபோனில் உலகத்துப் பாட்டெல்லாம் கிடக்கிறது, இடத்துக்கு என்ன பஞ்சம்? இப்போது வரும் புதுப் பாட்டுகள் பலவற்றில் வெட்டுவதற்கு இடையிசையே இருப்பதில்லை. காதில் ஒட்டிக்கொள்கிற ‘ஹூக்’ வரி ஒன்று, ரீல்ஸுக்கு முப்பது நொடி, முடிந்தது கதை. அது அவர்கள் பாடு. இருக்கிறதையாவது விட்டு வையுங்கள் என்கிறேன்.

சரி, டிவியும் வேண்டாம், எஃப்.எம்.மும் வேண்டாம், மாதாமாதம் காசு கட்டுகிற ஓடிடியில் படம் பார்ப்போம் என்று போனால் அங்கேயும் இதே கூத்து. படம் முடிந்து பெயர்கள் மேலே நகர ஆரம்பிக்கின்றன. கிதார் யார், வீணை யார், கோரஸில் யார் யார் என்று வருகிற ஒரே இடம் அதுதான். பின்னால் ஓடும் இசையும் அப்போதுதான் நிம்மதியாகக் காதில் விழும். உடனே படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கி மூலைக்குப் போய்விடுகிறது. “அடுத்தது 5... 4... 3...” மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, ரிமோட்டில் எந்தப் பட்டனை அமுக்கினால் அது திரும்பப் பெரிதாகும் என்று தடவுவதற்குள், நான் கேட்கவே கேட்காத ஒரு பேய்ப்படத்தின் டிரெய்லர் முழுச் சத்தத்தில் அலறுகிறது. அதில் மட்டும் ஒரு நொடியைக்கூட யாரும் வெட்டுவதில்லை.