நகராத புள்ளி

மார்ச் பிறந்தால் வீட்டில் எனக்குக் கிண்டல்தான். மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற நேரத்தில் நான் அலாஸ்கா வரைபடத்தில் ஊர்ந்து போகும் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இடிடராட் பந்தயம், பனியில் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளின் ஓட்டம். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஜிபிஎஸ் கருவி. ஒரு புள்ளி என்றால் ஒரு ஆள், அவருடைய நாய்கள். ஆங்கரேஜில் ஊர்வலம் மாதிரி ஒரு தொடக்கம், மறுநாள் வில்லோவில் நிஜப் புறப்பாடு, பெரிங் கடலோர நோம் வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். பனி போதாத வருடங்களில் ஃபேர்பேங்ஸிலிருந்து கிளம்புவார்கள், 2025-இல் அப்படித்தான்.

முதல் தடவை பார்த்தபோது கடுப்பாக இருந்தது. புள்ளி நகரவே இல்லை. நாலைந்து மணி நேரம் ஒரே இடத்தில். பின்னால் வந்தவர் தாண்டிப் போகிறார், இவர் அசையவில்லை. என்ன பந்தயம்டா இது!

அந்த நாலு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று படித்த பிறகுதான் பிடிபட்டது. வண்டி நின்றதும் மஷர் (ஓட்டுகிறவரை அப்படித்தான் சொல்கிறார்கள்) நாய்களுக்கு வைக்கோல் பரப்புவார். பாதங்களில் மாட்டிய துணி உறைகளைக் கழற்றுவார். பனியை உருக்கி, இறைச்சி போட்டுக் காய்ச்சி ஊற்றுவார். ஒவ்வொரு பாதமாகத் தடவிப் பார்ப்பார். நாய்கள் சுருண்டு படுத்த பிறகு அவருக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிளம்பும்போது மறுபடி உறை மாட்ட வேண்டும். 16 நாய், 64 கால், கொல்லும் குளிரில்.

விதியே ஓய்வெடுக்கச் சொல்கிறது: ஒரு முறை 24 மணி நேரம், யூகான் ஆற்றுப் பகுதியில் 8, நோமுக்கு முந்தைய ஒயிட் மவுண்டனில் 8. இன்னும் 120 கிலோமீட்டர்தான் பாக்கி, முதலில் வருகிறவர் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பார்க்கிற நமக்குத்தான் இருப்புக்கொள்ளாது.

2014-இல் அதற்கப்புறம் நடந்தது கதை மாதிரி இருக்கும். முன்னால் போன ஜெஃப் கிங்கைக் கடலோரப் புயல்காற்று பாதையை விட்டுத் தள்ளியது. நோமுக்கு வெகு அருகில் அவர் பந்தயத்தைக் கைவிட்டார். அடுத்து வந்த அலி சர்க்கிள் கடைசிச் சாவடியில் காற்று தணியக் காத்திருந்தார். அந்த நேரத்தில் டல்லாஸ் சீவி தாண்டிப் போய்விட்டார். மூன்றாம் இடத்துக்கு ஓடுவதாகவே நினைத்துக்கொண்டு ஓடி, 2 நிமிடம் 22 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜெயித்ததே நோமில் சொன்னபிறகுதான் தெரியும்! எங்கேயோ சோபாவில் கிடந்து வரைபடம் பார்த்தவனுக்கு அது முன்பே தெரிந்திருக்கும்.

சரி, நாய்கள் விஷயம். 2024-இல் மூன்று நாய்கள் செத்தன. "நாய்களுக்கு ஓடப் பிடிக்கும்" என்பதுதான் வழக்கமான பதில். பொய்யில்லை. கிளம்பும் இடத்தில் அவை வாரை இழுத்துக்கொண்டு குதிப்பதைப் பார்த்தால் தெரியும். ஆனால் ஓடப் பிடித்த நாய்க்கு எங்கே நிற்பது என்று தெரியாது. அது மனிதன் பார்க்க வேண்டிய வேலை.

இந்தப் பந்தயம் 1925-இல் நோமுக்கு டிப்தீரியா (தொண்டை அடைப்பான் நோய்) மருந்தை நாய்வண்டிகளில் கொண்டுபோனதன் நினைவாக நடப்பதாகச் சொல்வார்கள். உண்மையில் கிராமங்களில் பனி மோட்டார் வண்டிகள் வந்து நாய்கள் மறைந்துகொண்டிருந்தன, அவற்றைக் காப்பாற்றத்தான் ஜோ ரெடிங்டன் 1973-இல் இதைத் தொடங்கினார். அது கிடக்கட்டும். 1925-இல் நடந்தது தொடர் ஓட்டம். சுமார் 1,085 கிலோமீட்டரை 20 பேர், 150 நாய்கள் போலப் பங்குபோட்டு ஓடினார்கள். டோகோ என்ற நாயை முன்னால் விட்டு ஓட்டிய செப்பாலா என்ற மஷர்தான் அதிலேயே நீண்ட தூரம் போனவர். அவரும் முழுப் பாதையும் போகவில்லை. அப்படியிருக்க, அந்த ஓட்டத்தைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் கட்டாய ஓய்வை இன்னும் கூட்டினால் என்ன? சாதனை நேரம் அடிபடும். அடிபடட்டுமே. முதல் பந்தயத்தில் டிக் வில்மார்த் ஜெயிக்கவே 20 நாள் ஆனது, கடைசி ஆளுக்கு 32.

கடைசியாக வருகிறவருக்குச் சிவப்பு லாந்தர் பரிசு உண்டு. அவர் வரும்வரை நோமில் ஒரு விளக்கை அணைக்காமல் வைத்திருப்பார்கள். முதல் ஆள் வந்ததும் பலரும் வரைபடத்தை மூடிவிடுவார்கள், நான் மூடுவதில்லை. "இன்னுமா வரல?" என்பார்கள் வீட்டில். இன்னும் வரவில்லை. அந்தக் கடைசிப் புள்ளி ஏதோ ஒரு ஊரில் வைக்கோலில் படுத்திருக்கும்.