குழாயில் தண்ணீர் வருகிறதே, அப்புறம் என்ன பஞ்சம்?

நேற்று நெருங்கிய நண்பர் ஒருவர் ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். "தண்ணீர்ப் பஞ்சம் என்பதெல்லாம் பயமுறுத்திக் காசு பார்க்கிற வேலை. கேப்டவுனில் குழாயை மூடப்போகிறோம் என்றார்களே, மூடினார்களா?" கீழே நூற்றுக்கணக்கான பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். எந்த நாட்டில் வறட்சி அறிவித்தாலும் இந்தக் கேள்வி கூடவே வந்துவிடுகிறது. நண்பருக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே போடுகிறேன்.

முதலில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன். 2014-இல் அங்கே அணைகள் நிரம்பியிருந்தன. அடுத்து 2015, 2016, 2017 என்று மூன்று வருடம் தொடர்ந்து மழை பொய்த்தது. நகரத்துக்குத் தண்ணீர் தரும் 6 பெரிய அணைகளின் கொள்ளளவில் பாதிக்கு மேல் தீவாட்டர்ஸ்குளூஃப் என்ற ஒரே அணையில்தான் இருக்கிறது. 2018 மார்ச்சில் அதில் இருந்தது சுமார் 11 சதவீதம். அணையின் கடைசி 10 சதவீதத்தை வெளியே எடுப்பதே பெரும்பாடு, சேறும் மணலும் கலந்து கிடக்கும். அந்த நேரத்துப் படங்களைத் தேடிப் பாருங்கள். அணைக்குள் மணல் பறக்கிறது, எப்போதோ மூழ்கிய மரங்களின் மொட்டை அடித்தூர்கள் வெளியே நிற்கின்றன.

அணைகளின் மொத்த இருப்பு 13.5 சதவீதத்துக்கு இறங்கும் நாளில் பெரும்பாலான வீட்டுக் குழாய்களை அடைத்துவிடுவோம், சுமார் 200 இடங்களில் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நகர நிர்வாகம் சொன்னது. 'பூஜ்ஜிய நாள்' என்று அதற்குப் பெயர். 2018 ஏப்ரல் 21 என்றார்கள். பிறகு ஏப்ரல் 12 என்று முன்னால் வந்தது. அப்புறம் மே, ஜூன், ஜூலை என்று தள்ளிப்போய், கடைசியில் அந்த வருடத்துக்கு இல்லை என்று ஆகிவிட்டது. நண்பர் பிடித்துக்கொண்டிருப்பது இந்தத் தேதி மாற்றத்தைத்தான். சொன்ன தேதியில் நடக்கவில்லை, எனவே பொய்.

அந்தத் தேதியை ஜோசியம் பார்த்துச் சொல்லவில்லை. கையில் எவ்வளவு இருக்கிறது, தினமும் எவ்வளவு செலவாகிறது, எத்தனை நாளைக்கு வரும் என்ற வீட்டுக் கணக்குதான். செலவு குறைந்தால் நாள் தள்ளிப்போகும். 2015-இல் கோடை உச்சத்தில் தினம் சுமார் 120 கோடி லிட்டர் செலவழித்த ஊர், 2018 தொடக்கத்தில் சுமார் 50 கோடி லிட்டருக்கு இறங்கியது. அந்தப் பிப்ரவரியில் பக்கத்து விவசாயிகள் தங்கள் சொந்த அணைகளிலிருந்து சுமார் 1,000 கோடி லிட்டரை நகரத்துக்குத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மழை வந்தது. நாற்பது லட்சம் பேர் மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததால் தவிர்ந்த ஒன்றை, அது வரவே இல்லையே என்று காட்டி அவர்களையே ஏமாளிகள் ஆக்குகிறோம். எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது.

பல்லைக் கடித்துக்கொண்டு என்று சும்மா எழுதவில்லை. 2018 பிப்ரவரியிலிருந்து அங்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் அனுமதி. அது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளிகளில் 50 லிட்டர் அளந்து வைத்துக்கொண்டேன். குளிக்க 15 லிட்டர் போனது. குடிக்கவும் சமைக்கவும் 5. கழிவறையில் ஒரு முறை தண்ணீர் விட்டால் 6 லிட்டர், மூன்று முறைக்கு 18. பாத்திரம் கழுவ 8. மாலை ஆறு மணிக்கு வாளியின் அடியில் நான்கு லிட்டர் கிடந்தது. துணி துவைக்கவே இல்லை. அரிசி கழுவிய தண்ணீரைக் கீழே கொட்டப்போய்ச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். எனக்கு அது ஒரே ஒரு நாள். மறுநாள் காலையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

பஞ்சத்தை நம்ப முடியாமல் செய்வதே இந்தக் குழாய்தான். அணையில் 80 சதவீதம் இருந்தாலும் சரி, 20 சதவீதம் இருந்தாலும் சரி, அது ஒரே மாதிரிதான் கொட்டும். "மழைதான் பெய்கிறதே" என்பதும் அப்படித்தான். நம் தெருவில் பெய்கிற மழை அணைக்குப் போவதில்லை. அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்ய வேண்டும். அங்கே பெய்தாலும், வருடக்கணக்கில் காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்டுதான் மிச்சத்தை ஓடவிடும். நிலத்தடி நீர் இன்னும் மெதுவாகத்தான் ஏறும். பல வருடம் உறிஞ்சி எடுத்ததை ஒரு மழைக்காலம் திருப்பித் தந்துவிடாது.

சரி, இவ்வளவு சொன்ன பிறகு நண்பர் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். அவருடைய சந்தேகம் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை.

பிரேசிலின் சாவ் பாவ்லோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் அங்கே கான்டரெய்ரா நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, தேக்கத்திலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாயின் மட்டத்துக்குக் கீழே கிடந்த அடிநீரைப் பம்பு வைத்து எடுக்க ஆரம்பித்தார்கள். அந்த அடிநீரையும் இருப்பில் சேர்த்துக்கொண்டதால், மே மாதத்தில் ஒரே நாளில் 8 சதவீதமாக இருந்தது 26 சதவீதத்துக்கு மேலே ஏறியது. மழையே இல்லை. அது அங்கே தேர்தல் வருடம் வேறு. பங்கீட்டு முறை எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இரவில் குழாய்களில் அழுத்தத்தைக் குறைத்தார்கள், மேட்டுப் பகுதி வீடுகளில் தண்ணீர் ஏறவில்லை. இதை அனுபவித்த ஒருவர் அடுத்த முறை அரசு சொல்லும் எந்த சதவீதத்தை நம்புவார்? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வறட்சிக்காகக் கட்டிய பிரம்மாண்டமான கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2012-இல் முடிந்தது. அதற்குள் மழை வந்துவிட்டது. 2017 வரை அதன் தண்ணீர் மக்களுக்குத் தேவைப்படவில்லை, செலவு மட்டும் கட்டணத்தில் ஏறியது. கேப்டவுனிலும் மக்கள் சிக்கனம் பிடித்ததால் நிர்வாகத்தின் வருமானம் குறைந்து, கட்டணத்தை உயர்த்தினார்கள். நன்றாக நடந்துகொண்டதற்குத் தண்டனையா என்று கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இங்கேதான் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று குழம்பிப்போகின்றன. தண்ணீர் இருக்கிறதா என்பது ஒன்று. இருப்பது யாருக்குப் போகிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு அணையின் அளவுகோலே பதில் சொல்லிவிடும். 2002 முதல் புவியீர்ப்பு மாற்றத்தை வைத்து நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் செயற்கைக்கோள்கள்கூட இருக்கின்றன. ஒரு அதிகாரி நினைத்தால் மூடி மறைக்கிற விஷயமாக அது இப்போது இல்லை. நாம் சந்தேகத்தை எல்லாம் அங்கே கொட்டித் தீர்த்துவிட்டு, இரண்டாவது கேள்விக்கு வரும்போது களைத்துப்போய் விடுகிறோம்.

அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நாம் கோபப்பட வேண்டும். கேப்டவுன் பற்றி 2023-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கு இது: மக்கள்தொகையில் 14 சதவீதத்துக்கும் குறைவான வசதிபடைத்தவர்கள் நகரத்தின் தண்ணீரில் பாதிக்கு மேல் பயன்படுத்துகிறார்கள். பெரும் பணக்கார வீட்டுக்கு ஒரு நாளைக்கு 2,161 லிட்டர், குறைந்த வருமானக் குடும்பத்துக்கு 178 லிட்டர். நீச்சல் குளத்துக்கும் தோட்டத்துக்கும் சேர்த்துத்தான் அந்த இரண்டாயிரம். நெருக்கடி முற்றியதும் பணம் இருந்தவர்கள் சொந்தமாக ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டார்கள். குடிசைப் பகுதிகள் நகரத் தண்ணீரில் 5 சதவீதம்கூட எடுக்கவில்லை. ஆனாலும் அங்கே பொதுக்குழாய் ஒழுகுகிற காட்சிகள்தான் அதிகம் பகிரப்பட்டன.

உலக அளவில் ஆறு, ஏரி, நிலத்தடியிலிருந்து எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. அங்கே என்ன பயிர், எந்தப் பாசனம், யாருக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்று பேசாமல், பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள் என்று மட்டும் சொன்னால் ஜனங்களுக்கு எரிச்சல்தான் வரும். குழாயை மூடத்தான் வேண்டும். அதோடு, பெரிய அளவில் எடுப்பவர்களின் மீட்டர் கணக்கையும் அணை மட்டத்தைப் போலவே வாராவாரம் வெளியே வைக்கட்டும்.

இதையெல்லாம் இன்னும் சுருக்கமாக நண்பருக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதிலே இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு வரி வந்தது: "சரி, அணை மட்டம் தினமும் பேப்பரில் வருகிறது. யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது எங்கே வருகிறது?"

நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பகுதிக்கு அந்தக் கணக்கு கிடைத்தால் கீழே போடுங்கள்.