சர்க்காரின் தலைப்பாகை

"பி.சி. சர்க்கார்தானே? வெள்ளைக்காரன் கைதட்டணும்னு மகாராஜா வேஷம் கட்டினவர்" என்று நேற்று ஒரு நண்பர், அந்த வங்காள மேஜிக்காரரைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவர் பெரிதாக எதையும் நினைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேஷத்தை முதலில் கட்டியது யார்? 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் பின்னாளில் விலங்குகளிலிருந்து தப்பிக்கும் வித்தையால் பேர்பெற்ற அமெரிக்க மேஜிக்காரர் ஹௌடினி, இளைஞராக, உடம்பில் சாயம் பூசிக்கொண்டு இந்து ஃபக்கீராக வித்தை காட்டினார். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1890இல், அதே ஊரின் டிரிப்யூன் பத்திரிகை இந்தியக் கயிற்று வித்தையை நேரில் பார்த்ததாக ஒரு கதை விட்டது. அந்தரத்தில் நிற்கும் கயிறு, அதில் ஏறி மறையும் பையன். சில மாதம் கழித்து, அது கட்டுக்கதைதான் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கதை ஊர் ஊராகப் போய்விட்டது.

நம் ஊர்க் கணக்கும் ஒன்று இருக்கிறது. 1830 வாக்கில் மதராஸில் ஒரு முதியவர், மான்தோல் சுற்றிய தடி மேல் ஒரு கையை மட்டும் வைத்து, தரையில் படாமல் அந்தரத்தில் உட்கார்ந்து காட்டினார். சேஷால் என்று ஆங்கிலேயர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். சேஷய்யாவோ சேஷாசலமோ, அவர்கள் வாயில் அப்படி ஆகியிருக்க வேண்டும். 1847இல் பாரிஸில் ராபர்ட் ஹூதான் என்ற பிரெஞ்சு மேஜிக்காரர் தன் மகனை ஒரு கோலில் சாய்த்து மிதக்கவிட்டார். சாயல் ஒன்றுதான். ஹூதான் நவீன மேஜிக்கின் தந்தை ஆனார். மதராஸ்காரருக்கு முழுப் பெயர்கூட மிஞ்சவில்லை.

சரி, இப்போது சர்க்காருக்கு வருவோம்.

1913இல், இன்றைக்கு வங்கதேசத்தில் இருக்கும் தங்காயில் பகுதியில் பிறந்தவர். கணக்கில் கெட்டிக்காரர். வித்தையில் அவருக்குக் குரு கணபதி சக்கரவர்த்தி. தொழில் தொடங்கியதும் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் விதத்தை மாற்றிக்கொண்டார். மந்திரவாதி என்று பொருள்படும் 'சார்சரர்' என்ற ஆங்கிலச் சொல் அதில் ஒலித்தது. 'உலகின் மிகப் பெரிய மந்திரவாதி' என்று தானே போஸ்டர் அடித்துக்கொண்டார். இதைத் திமிர் என்பவர்கள் உண்டு. வாசலில் நின்று யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருந்தால் நூறு வருஷம் ஆனாலும் கூப்பிட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

'இந்திரஜால்' என்ற தன் பெரிய ஷோவில் அவர் மகாராஜா உடையில் வந்தார். ஜெர்மனியில் ஹெல்முட் ஷ்ரைபர் என்று ஒரு மேஜிக்காரர். சர்க்கார் தன் வித்தைகளைக் காப்பியடித்துவிட்டார் என்று அவர் புகார் கிளப்பினார். அந்த ஷ்ரைபரின் மேடைப் பெயர் காலாநாக். கருநாகம்! பெயரை நம்மிடம் எடுத்துக்கொண்டவர் நம் ஆளைத் திருடன் என்கிறார். இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

1956 ஏப்ரல் 9. பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி. மரவாடியில் பார்ப்போமே, அந்த மாதிரி வட்ட ரம்பம். அதன் கீழே தீப்தி தே என்ற பதினேழு வயதுப் பெண். ரம்பம் இறங்கி உடம்பைக் கடந்தது. சர்க்கார் அவள் கையைத் தேய்த்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. அவள் முகத்தைத் துணியால் மூடினார். அந்த நொடியில் தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி கேமராவுக்கு முன்னால் வந்து நிகழ்ச்சி முடிந்தது என்று சொல்லிவிட்டார். பெண் செத்துவிட்டாள் என்று பதறிய மக்களின் அழைப்புகளால் பிபிசியின் தொலைபேசிகள் திணறின. நேரம் முடிந்துவிட்டது, அதனால்தான் நிறுத்தினோம் என்றது பிபிசி. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் பத்திரிகைகளில் இதே பேச்சு. லண்டன் ட்யூக் ஆஃப் யார்க் அரங்கில் அவர் ஷோவுக்குக் கூட்டம் அலைமோதியது.

நேரம் தற்செயலாக முடிந்தது என்று நான் நம்பவில்லை. நொடிக் கணக்கில் ஷோ நடத்தியவர் அவர். நம் தெருமுனை மோடி மஸ்தானை நினைத்துப் பாருங்கள். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை என்று கூட்டம் சேர்ப்பார். கடைசிவரை சண்டை நடக்காது, தாயத்து விற்றுப்போகும். முடிவைக் காட்டாமல் ஆளை நிறுத்திவைக்கும் அந்தத் தெருக் கலையைத்தான் சர்க்கார் பிபிசி ஸ்டுடியோவுக்குள் கொண்டுபோனார் என்பது என் எண்ணம். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு போயிருந்தால் லண்டன்காரர்களுக்கு அவர் இன்னொரு நகல். தலைப்பாகையோடு போனதால்தான், அதுவரை அதைக் கட்டித் திரிந்தவர்கள் எல்லாம் நகல் ஆனார்கள்.

நான் ஆறாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கு ஒரு மேஜிக்காரர் வந்தார். சாட்டின் அங்கி, தலைப்பாகையில் ஊக்கு குத்திய மயிலிறகு. ஒரு பித்தளைச் செம்பைக் கவிழ்த்துத் தண்ணீரை முழுக்கக் கொட்டினார். அடுத்த வித்தை முடிந்ததும் அதே செம்பிலிருந்து மறுபடி தண்ணீர். அப்புறம் மறுபடியும். ஒவ்வொரு தடவையும் "வாட்டர் ஆஃப் இந்தியா!" என்று நாங்களும் சேர்ந்து கத்தினோம். அது சர்க்கார் மேடைகளில் பேர்போன வித்தை என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். ஷோ முடிந்து அந்த மனிதர் தலைப்பாகையைக் கழற்றி, கசங்காமல் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறையில் டீ குடித்தார். அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

1964இல் சர்க்காருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. 1971 ஜனவரி 6 அன்று, ஜப்பானின் ஹொக்கைடோவில், ஊர் ஊராக ஷோ நடத்திக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார். வயது 57. அதன்பின் மகன் பிரதீப் இந்திரஜாலை நடத்தினார். இப்போது பேத்தி மானேகாவும் மேடையேறுகிறார்.

நண்பரை ஞாயிற்றுக்கிழமை பார்ப்பேன். மதராஸ் சேஷாலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.