கிரான்பெர்ரி நீரில் விளைவதில்லை
அமெரிக்கக் குடும்பப் பண்ணைகளில் பிள்ளைகள் செய்யும் வேலை பற்றிய கட்டுரையில், அவர்கள் நாள் முழுதும் இடுப்பளவு நீரில் நின்று கிரான்பெர்ரி (புளிப்பான சிறு சிவப்புப் பழம்) பறிப்பதாக எழுதியிருப்பது சரியாகத் தோன்றவில்லை. கிரான்பெர்ரி நீர்த்தாவரம் அன்று. மணற்பாங்கான தாழ்நிலத்தில் படரும் கொடி. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுவடைக்காகவே பாத்தியில் நீரைத் தேக்கி, இயந்திரத்தால் பழங்களை உதிர்க்கிறார்கள். பழத்தினுள் 4 காற்றறைகள் இருப்பதால் அவை தாமாகவே மிதந்து மேலே வந்துவிடுகின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியிருந்தபோது பக்கத்துப் பண்ணையில் நான் பார்த்த பத்து வயதுச் சிறுமி, நெஞ்சுவரை எட்டும் ரப்பர் உடை அணிந்து, தந்தையின் கைக்கெட்டும் தொலைவில் நின்று, மிதவைத் தடுப்புக்குள் சேர்ந்த பழங்களை நீண்ட மரக்கட்டையால் உறிஞ்சுகுழாயை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் குளிர் தாங்காமல் அவளே கரையேறிவிட்டாள் (எனக்கோ கரையில் நின்றே பல் தந்தியடித்தது). கூலிக்குப் பறித்த சிறுவர்களின் கதை வேறு: குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்து ஆவணப்படுத்திய புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1910இல் நியூ ஜெர்சியின் பிரவுன்ஸ் மில்ஸ் பகுதியில் எடுத்த படங்களில் இருப்பவர்கள், பள்ளி நாட்களிலும் குடும்பத்தோடு வந்து, நீர் தேக்காத நிலத்தில் மண்டியிட்டுக் கையால் பறித்த பிள்ளைகள், அவர்களில் பலர் பிலடெல்பியாவிலிருந்து வந்தவர்கள். பிள்ளைகள் பண்ணையில் வேலை செய்வதை ‘இப்போது சட்டமே தடுக்கிறதே’ என்று அக்கட்டுரைக்கு ஒரு வாசகர் எழுதியிருப்பதும் முழுமையானதன்று. அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுக் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டத்தின்படி, பெற்றோர் நடத்தும் பண்ணையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வயது வரம்பே இல்லை. ஆகவே பம்புக்கும் டிராக்டருக்கும் அருகில் பிள்ளையை விடுவதா என்பதைப் பெற்றோரே முடிவு செய்கிறார்கள், கட்டுரை கேள்வி எழுப்பியிருக்க வேண்டிய இடம் அதுவே.