வெட்ரியானோ படத்தைப் போஸ்டராகவே வாங்குங்கள்

சென்ற வாரம் இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: ஸ்காட்லாந்து ஓவியர் ஜாக் வெட்ரியானோவின் படத்தைச் சாதாரண போஸ்டராக வாங்குவதா, எண் போட்ட ‘லிமிடெட் எடிஷன்’ பிரிண்டாக வாங்குவதா? ஓர் ஏலத்திலிருந்து தொடங்குகிறேன். 2025 மார்ச்சில் லண்டன் சதபீஸ் ஏலத்தில், பெயர் மறைத்துத் தெருச்சுவர்களில் வரையும் பேங்க்ஸியின் ஓவியம் ஒன்று சுமார் 43 லட்சம் பவுண்டுக்குப் போனது. பிளிங்க்-182 இசைக்குழுவின் மார்க் ஹாப்பஸ் வைத்திருந்த படம். வெட்ரியானோவின் ‘தி சிங்கிங் பட்லர்’ காட்சியை எடுத்துக்கொண்டு, அதே கடற்கரையில் நச்சுக் கழிவுப் பீப்பாயைத் தள்ளிப்போகும் இரண்டு ஆட்களையும், தூரத்தில் மூழ்கும் கப்பலையும் சேர்த்துவிட்டிருந்தார் பேங்க்ஸி. 2005-ல் செய்த கிண்டல். மூலப்படம் 2004-ல் இதே சதபீஸ் மூலம் ஏலம் போனபோது கிடைத்தது சுமார் 7.45 லட்சம் பவுண்டுதான். கிண்டலுக்கு ஐந்து மடங்குக்கும் மேல் விலை. இந்த ஏலத்துக்குச் சில நாட்கள் முன்புதான் வெட்ரியானோ பிரான்சின் நீஸ் நகரில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 73.

வெட்ரியானோவின் அந்த மூலப்படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாமலே. ஈர மணல், மூட்டமான வானம். சிவப்பு கவுன் போட்ட பெண் ஒருத்தி கோட்டுப் போட்ட ஆணோடு ஆடிக்கொண்டிருக்கிறாள். வேலைக்காரப் பெண்ணும் பட்லரும் ஆளுக்கொரு குடையோடு பக்கத்தில் நிற்கிறார்கள். வாழ்த்து அட்டை, காபி மக், ஜிக்சா புதிர், ஹோட்டல் அறைச் சுவர் என்று அது போகாத இடமில்லை. பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற ஓவியப் பிரிண்ட் என்று பேரெடுத்தது. ஆனால் 1992-ல் லண்டனின் பெரிய கலை அமைப்பான ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சிக்கு அனுப்பியபோது அதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வெட்ரியானோ போன பிறகு டைம்லைனில் வழக்கமான சண்டைதான். ‘மக்கள் ஓவியர்’ என்று ஒரு கூட்டம், ‘போஸ்டர் ஆர்ட்டிஸ்ட்’ என்று இன்னொரு கூட்டம். அச்சகத்தில் கலர் வேலை பார்த்த ஆள் என்கிற முறையில், அந்த இரண்டாவது பட்டத்தை நான் வசவாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் போஸ்டர் ஆர்ட்டிஸ்ட்தான். அந்தப் படங்கள் முழுமையடைவதே அச்சில்தான் என்பது என் கட்சி.

ஏன் என்று சொல்கிறேன். எந்த ஓவியம் அச்சில் நிற்கும், எது செத்துப்போகும் என்பது அச்சுத் தகடு (பிளேட்) போடும் ஆளுக்குப் பார்த்ததும் தெரியும். பெயின்டை அப்பி அப்பிப் போட்ட கேன்வாஸை அச்சடித்தால் அதன் உயிர் பாதி போய்விடும். அந்த மேடு பள்ளம், பக்கவாட்டு வெளிச்சம் எதுவும் தாளில் வராது. வெட்ரியானோ படத்தில் அந்தப் பிரச்சினையே கிடையாது. வழவழப்பான பரப்பு, வெட்டி ஒட்டியது மாதிரி ஓரம் தெளிந்த உருவங்கள். கறுப்புக் கோட்டு, வெள்ளை ஏப்ரன், சிவப்பு கவுன், பின்னால் மணலும் வானமும். தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் என்ன நடக்கிறது என்று புரியும். மூலப்படமே ஒன்றும் பிரம்மாண்டம் இல்லை, 28க்கு 36 அங்குலம். ஒரு நல்ல போஸ்டர் அளவு. சியான் என்கிற நீலம், மெஜந்தா என்கிற இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு மையில் அடிக்கும் ஆஃப்செட் அச்சில் அது இழப்பது மிகக் குறைவு. ‘அவருக்கு வரையத் தெரியாது, கலர் நிரப்பத்தான் தெரியும்’ என்று ஸ்காட்லாந்தின் கலைக் கல்லூரி வட்டாரத்தில் ஏளனம் செய்தார்கள். அதே குணம்தான் அந்தப் படத்தை லட்சக்கணக்கான சுவர்களில் ஏற்றியது.

அப்புறம் அந்த ‘காப்பி’ விவகாரம். 2005-ல் ஒரு குட்டு வெளிப்பட்டது. ஆடும் ஜோடி உட்படப் படத்தில் உள்ள உருவங்களின் போஸ், 1987-ல் வந்த ஓர் உருவக் கையேட்டிலிருந்து எடுத்தது. விளம்பரப் படம் போடுபவர்கள் பார்த்து வரைவதற்கென்றே விற்கிற புத்தகம் அது. பத்திரிகைகள் ஏதோ திருட்டைப் பிடித்துவிட்டது போல எழுதின. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அவருக்குக் கலைக் கல்லூரி இல்லை, மாடல் வைக்கக் காசில்லை. பிறந்தது 1951-ல், ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில், சுரங்கத் தொழிலாளியின் மகனாக. அவரும் பள்ளியை விட்டதும் சுரங்க வேலைக்கே போனார். 21-ஆவது பிறந்தநாளுக்குத் தோழி ஒருத்தி வாட்டர்கலர் பெட்டி வாங்கித் தர, கிர்க்கால்டி ஊர் அருங்காட்சியகத்துப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினார். 1988-ல் ராயல் ஸ்காட்டிஷ் அகாடமி கண்காட்சிக்கு இரண்டு படம் அனுப்பினார், முதல் நாளே இரண்டும் விற்றுவிட்டன. அதற்குப் பிறகுதான் முழுநேர ஓவியர். பார்த்து வரைந்தே வளர்ந்த மனிதர் கையேட்டைப் பார்த்து வரைந்ததில் என்ன ஆச்சரியம்? கையேட்டிலிருந்து கேன்வாஸ், கேன்வாஸிலிருந்து போஸ்டர், போஸ்டரிலிருந்து பேங்க்ஸி. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைப் புனிதமானது என்று சொல்வது?

எனக்குச் சுவாரசியமானது வேறு. அவர் படங்களில் வருகிற உலகம் இருக்கிறதே, டின்னர் ஜாக்கெட், நீளக் கையுறை, பட்லர், அதெல்லாம் அவர் பிறப்பதற்கு முன்னால் முடிந்துபோன காலம். அவர் வீட்டில் யாரும் அப்படி வாழ்ந்ததும் இல்லை. வாங்கி மாட்டியவர்களில் பெரும்பாலோருக்கும் அதே கதைதான். வாழாத வாழ்க்கைக்கு ஏங்குவது போலி ஏக்கம் என்று விமர்சகர்கள் சொல்லலாம். நிலக்கரித் தூசியில் வளர்ந்தவன் மாலை நேரத்தில் வேறெதற்கு ஏங்குவான்?

லண்டனில் சித்தப்பா வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் இந்தப் படம் மாட்டியிருந்தது. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிரே. பல வருட வெயிலில் மெஜந்தாவும் மஞ்சளும் வெளுத்து, கவுன் பழைய ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. கறுப்பும் சியானும் தாக்குப்பிடித்ததால் கோட்டும் குடையும் நீலம் பாரித்துக் கிடந்தன. சித்தி அதைக் கழற்ற விடமாட்டார். ஆடுகிற ஜோடிக்காக என்று நினைத்துக் கேட்டேன்.

“அவங்க கெடக்குறாங்கடா. ஈரத்துல நின்னுக்கிட்டு குடை பிடிக்கிறாளே, அவ எப்போ வீட்டுக்குப் போவா? அதைத்தான் நான் தினம் யோசிப்பேன்” என்றார்.

ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட் பார்த்தவர் சித்தி. எந்தக் கண்காட்சிக் கையேட்டிலும் இந்தப் பார்வையை நான் படித்ததில்லை. மியூசியத்தில் போய் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் கண் ஜோடியிடம்தான் போகும். தினமும் துணிக்கூடையோடு ஏறி இறங்கும் படிக்கட்டில் இருந்தால்தான் அந்தப் பெண் கண்ணில் படுவாள்.

எல்லாப் படமும் எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஹோட்டல் அறை, சிகரெட் புகை, ஸ்டாக்கிங்ஸ் போட்ட பெண்கள், அவர்களைப் பார்த்தபடி நிற்கும் ஆண்கள் என்று ஒரு வரிசை உண்டு. அதில் பெண்ணுக்கு முகம் இருந்தும் மனசு இல்லை. ஓர் ஆணின் ஆசைக்குப் போஸ் கொடுப்பதோடு சரி. கடற்கரைப் படங்களில் இருக்கும் காற்று அங்கே இல்லை. இதைச் சொன்னால் அவரது ரசிகர்கள் கோபிக்கிறார்கள், கோபிக்கட்டும்.

என் உண்மையான எரிச்சல் ‘லிமிடெட் எடிஷன்’ வியாபாரத்தின் மேல். 250 பிரதிகளில் இது 45-ஆவது என்று காட்டப் பென்சிலால் 45/250 என்று எழுதி, கீழே கையெழுத்து, கூடவே ஒரு சான்றிதழ். விலை போஸ்டரைப் போலப் பல மடங்கு. செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த காலத்தில் எண்ணிக்கைக்கு ஓர் அர்த்தம் இருந்தது. அடிக்க அடிக்கத் தகடு தேயும், ஐம்பதாவது பிரதியின் கோடு முதல் பிரதி மாதிரி இருக்காது. இன்றைக்கு ஜிக்லே பிரிண்ட் என்பது ஒரு டிஜிட்டல் கோப்பு, ஒரு பெரிய இங்க்ஜெட் மெஷின். 250-ஆவது பிரதியும் 25,000-ஆவது பிரதியும் ஒன்றேதான். 250-ல் நிறுத்துவது விற்பவரின் முடிவு. அதற்கு மேல் ‘ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப்’, அதாவது ஓவியருக்கான பிரதி என்று தனியாகக் கொஞ்சம் இருக்கும். அதே படம் வேறு அளவில் வந்தால் அது இன்னொரு ‘எடிஷன்’ ஆகிவிடும்.

தரம் வேறு விஷயம், அதை ஒப்புக்கொள்கிறேன். பருத்தித் தாளில் நிறமித் துகள் கொண்ட பிக்மென்ட் மையால் அடித்தது சாதாரண போஸ்டரைவிட நிறம் காக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆஃப்செட் போஸ்டரில் கவுன் முழுக்க வரிசை வரிசையாகப் புள்ளி தெரியும். ஜிக்லேயில் அந்த ஒழுங்கு இருக்காது, மையைத் தூவிவிட்டாற்போல இருக்கும். அந்தத் தரத்துக்குக் காசு கொடுங்கள், தப்பில்லை. கையெழுத்து வேண்டுமென்றால் ஆசைக்கு வாங்குங்கள். பிள்ளை கல்யாணத்துக்கு விற்றுக்கொள்ளலாம் என்று மட்டும் வாங்காதீர்கள். கேன்வாஸில் அடித்து மேலே ஜெல் தடவி, பிரஷ் ஓடியது மாதிரி காட்டி விற்பார்கள், அந்தப் பக்கமே போகவேண்டாம். ஓவியர் கை படாத இடத்தில் பிரஷ் தடம் எதற்கு?

இன்பாக்ஸில் கேட்ட அந்தத் தம்பிக்கும் இதேதான் பதில். போஸ்டரை வாங்கு, மிச்சப் பணத்தை ஃப்ரேமில் போடு. படம் கண்ணாடியில் ஒட்டாதபடி நடுவில் மவுன்ட் என்கிற அட்டைச் சட்டம் வைக்கச் சொல், ஒட்டினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். பின்னால் அட்டை ஆசிட் இல்லாததாக இருக்கட்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் போடு, கிடைக்காவிட்டால் மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டாதே.